நமக்கேற்ற தொண்டு எது?

தோட்டப்புற வாழ்வில் பொதுத்தொண்டு புதிய செய்தியன்று. லயத்தில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்துவிட்டால் பந்தல் போடுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. கோயில் திருவிழா வந்தால் அடுப்பு மூட்டுவோரும் காய்கறி நறுக்குவோரும் அழைப்பின்றியே வந்து நிற்பர். 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றபோது, துண்டாடப்பட்டு வந்த தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க முடியும் என்னும் நம்பிக்கைக்கு முதலாக நின்றது, பாட்டாளி மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணமேயாகும். ஆகவே, தொண்டு செய்யும் மனம் நம்மிடம் உண்டா என்னும் ஐயத்திற்கே இடமில்லை.

ஆயினும், வேறொரு நிலையையும் நாம் அடிக்கடி காண்கிறோம். ஆண்டுக் கூட்டத்தில் பன்னிருவர் செயற்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர், கைதட்டலும் நடைபெறுகிறது. ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தால் மூவர் மட்டுமே எஞ்சியிருக்கின்றனர். மாலை வகுப்பு பூட்டிக் கிடக்கிறது. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் காலாவதியாகிக் கிடக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் நான்கு மாதப் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. விலகிச் சென்ற ஒன்பதின்மரும் தீயவர்களா? இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் தமக்குப் பொருந்தாத பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்கள், அவ்வளவே.

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிவிட்ட இக்காலத்தில் இச்செய்தி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. எஞ்சியுள்ள இரப்பர்த் தோட்டங்களில் குடும்பங்கள் குறைவு. முன்னர் ஐவர் பகிர்ந்துகொண்ட வேலை இன்று ஒருவர் தோளில் ஏறுகிறது. அவரும் சலித்து விலகினால் அவ்விடத்தில் நிற்க மற்றொருவர் இலர். எனவே, எந்தத் தொண்டை ஏற்பது, எதனை மறுப்பது என்று முன்கூட்டியே சிந்திப்பது தன்னலமாகாது. நம்மை நம்பியிருப்போருக்கு நாம் செய்யும் முதற்கடமையே அதுவாகும்.

நேரத்தை முதலில் எண்ணுவோம்

பால்வெட்டுத் தொழிலாளியின் கடிகாரம் பிறருடைய கடிகாரத்தினின்று வேறுபட்டது. இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். விடியற்காலையில் பட்டையைச் சீவினால் பால் தாராளமாக வழியும். வெயில் ஏறியபின் ஒழுக்குக் குறையும். ஆகையினாலேயே ஊர் உறங்கும் வேளையில் நாம் எழுந்து பெரட்டுக்குச் செல்கிறோம்.

காலை 4.30 மணிக்கு எழும் ஒருவர் ஏழு மணி நேரம் உறங்க வேண்டுமாயின் இரவு 9.30 மணிக்கெல்லாம் படுக்கைக்குச் சென்றாக வேண்டும். பாலைச் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பிக் குளித்து உண்பதற்குள் பிற்பகலாகிவிடும். சற்று ஓய்ந்தபின் மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பது மணி வரை உள்ள நேரந்தான் குடும்பத்திற்கும், பிள்ளைகளுக்கும், தொண்டிற்கும் உரியது. பெண்களுக்கோ அதிலும் பாதியைச் சமையலும் துணி துவைத்தலும் எடுத்துக்கொள்கின்றன. இரவு பதினொரு மணிவரை நீளும் கூட்டங்களைக் கொண்ட பொறுப்பொன்றை இத்தகையவர் ஏற்றால், மறுநாள் இருட்டில் உளி பிடிக்கும் கை தளரும். மரமும் காயப்படும், விரலும் காயப்படும்.

ஆகையால், தம்மால் வாரத்திற்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க இயலும் என்பதை ஒவ்வொருவரும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். மழையால் வெட்டு நின்று வருமானம் குறையும் மாதங்களிலும், மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் காலத்திலும் பலர் பக்கத்து வேலைகளைத் தேடிச் செல்வர். அந்தக் கடினமான மாதங்களிலும் கொடுக்கக்கூடிய நேரமே உண்மையான நேரம். அது இரண்டு மணியாயினும் தாழ்வில்லை. வாரத்திற்கு இரண்டு மணி தவறாது கொடுத்தால் ஆண்டிற்கு 104 மணி நேரமாகிறது. திருவிழாக் காலத்தில் மூன்று நாள் கண்விழித்து உழைத்துப் பின்னர் ஆண்டு முழுதும் மறைந்துவிடுபவர் தரும் நேரத்தைவிட இது அதிகம்.

இயல்பை அடுத்து நோக்குவோம்

நேரம் பொருந்தினாலும் இயல்பு பொருந்தாவிடில் தொண்டு நிலைக்காது. தோட்டங்களில் பொதுவாகத் தேவைப்படும் சில பொறுப்புகளையும், அவற்றிற்கு உரிய குணங்களையும் ஈண்டு பார்ப்போம்.

முதலுதவித் தொண்டு: இரத்தத்தைக் கண்டு பதறாத மனமும், கற்றதை மறவாது மீண்டும் மீண்டும் பயிலும் பொறுமையும் இதற்கு வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் அம்புலன்ஸ் அமைப்பும் இப்பயிற்சியை வழங்கி வருகின்றன. தோட்டத்து விபத்துகள் பெரும்பாலும் ஒரே வகையின. உளி வெட்டினால் தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, அடிபட்ட கையை உயர்த்தி வைக்க வேண்டும். காப்பித்தூளோ புகையிலையோ அப்புதல் கூடாது. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் தவறு. மோதிரம், வளையல் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பாலை உறைய வைக்கும் அமிலமோ, உறையாது காக்கும் அம்மோனியாவோ கண்ணில் தெறித்தால், 15 நிமிடங்களுக்குக் குறையாமல் தூய நீரால் கழுவியபின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவற்றைக் கேட்கும்போது எளிதாகவே தோன்றும். ஆனால், அலறும் ஒருவர் எதிரில், சுற்றிலும் பத்துப் பேர் பத்து யோசனை கூறும்போது, கற்றதைக் கற்றவாறே செய்வதுதான் இத்தொண்டின் உயிர்நாடி. பரபரப்பான சுபாவம் உடையவர் இதனை ஏற்பதைவிட, 999 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துத் தோட்டத்திற்கு வரும் வழியைத் தெளிவாகக் கூறி, அம்புலன்ஸ் வண்டியைச் சாலைமுனையில் எதிர்கொள்ளும் பொறுப்பை ஏற்கலாம். அதுவும் உயிர் காக்கும் தொண்டே.

பொருளாளர் பொறுப்பு: இதற்கு ஆள் தேடும்போது நம் மக்கள் பெரும்பாலும் நல்லவர், இரக்கமுள்ளவர் என்றே பார்க்கின்றனர். இரக்கம் சிறந்த குணந்தான். ஆனால், கோயில் உண்டியற் பணமோ இளைஞர் மன்றப் பணமோ கையிலிருக்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கண்கலங்கி ஐம்பது வெள்ளி கடன் கேட்கும் உறவினருக்கு, 'இது என் பணமன்று மாமா' என்று சொல்ல முடியாதவர் இப்பொறுப்பில் அமரலாகாது. முதல் ஐம்பது வெள்ளி திரும்பி வந்துவிடலாம். மூன்றாம் ஐம்பது வாராமற்போகும். பிறகு கணக்கை எழுதவே கை கூசும். பக்கங்கள் வெறுமையாகக் கிடப்பது பெரும்பாலும் இவ்வாறு தொடங்குவதே. திருட்டு எண்ணம் சிறிதுமில்லாத ஒருவர் லயத்தார் முன் தலைகுனிந்து நிற்க நேர்கிறது. இரு குடும்பங்களின் உறவும் முறிகிறது.

பற்றுச்சீட்டு இன்றி ஒரு வெள்ளியும் வாங்காதவர், ஒரு காசும் கொடாதவர், வேண்டாம் என்பதை அன்போடு சொல்லத் தெரிந்தவர் எவரோ, அவரே இதற்கு உரியவர். மாதச் சம்பளத்தைக் கொண்டு குடும்பத்தை ஒப்பேற்றி, மளிகைக்கடைப் பற்றையும் விரல்நுனியில் வைத்திருக்கும் பெண்களுள் இத்தகையோர் பலர் உளர். அவர்களைப் பந்திக்கு மட்டும் அழைத்துவிட்டுக் கணக்குக்கு அழையாமலிருப்பது நம் சங்கங்களுக்கே இழப்பு. 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சங்கங்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாட்களுக்குள் தம் ஆண்டறிக்கையையும் கணக்கையும் சங்கப் பதிவதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் இப்பொறுப்பை ஏற்பவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பத்திரங்களுக்கு உதவும் தொண்டு: தோட்டத்தில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகவும் தேவையான தொண்டு இது. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். 12 வயதில் அடையாள அட்டைக்கு மனுச் செய்ய வேண்டும். இவ்விரண்டும் தவறிப்போன பிள்ளைகள் பின்னர்ப் பள்ளியிலும், தேர்விலும், வேலையிலும், திருமணப் பதிவிலும் படும் துன்பத்தை நாம் நேரில் அறிவோம். வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் முதலாளி 48 மணி நேரத்திற்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். ஊழியர் சேமநிதியில் வாரிசின் பெயர் குறிக்கப்படாவிடில், குடும்பத் தலைவர் இறந்தபின் அப்பணத்தைப் பெறக் குடும்பம் பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

மலாய் மொழியைப் பிழையின்றிப் படிக்கத் தெரிந்து, அலுவலக முகப்பில் மணிக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் உள்ளவர் இப்பணிக்கு ஏற்றவர். ஆயினும், அவற்றினும் இன்றியமையாத தகுதி ஒன்றுண்டு, அது நாவடக்கம். பெற்றோர் திருமணம் பதிவாகாமை, பெயர் மாற்றம், தத்து எடுத்தது, முதல் தாரம் என்று ஒரு குடும்பத்தின் மறைபொருள்கள் அனைத்தும் அந்தப் பாரங்களில் வெளிப்படும். அவற்றைப் பிற்பகல் வேளையில் தண்ணீர்க் குழாயடியில் பேசிவிடும் ஒருவரால், அடுத்த குடும்பம் வாராமலே நின்றுவிடும். அக்குடும்பத்துப் பிள்ளை பத்திரமில்லாமலே வளரும். இங்ஙனம் ஒரு சிறு சொல்லால் ஒரு வாழ்வு தடைப்படுவதுண்டு. நல்ல பேச்சுத்திறன் உடையவர் இதனினும் மேடைக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கும் பயன்படுவர்.

பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு: பெரிய படிப்புப் படித்தவர்தாம் இதற்கு வேண்டும் என்று பலர் தயங்குகின்றனர். வீட்டில் இடமின்றியும் இரைச்சல் மிகுந்தும் தவிக்கும் பிள்ளைக்கு, வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில், விளக்கெரியும் ஒரு மண்டபமும், பாடத்தை முடிக்கும்வரை உடனிருக்கும் ஒரு பெரியவருமே முதல் தேவை. படிவம் மூன்று வரை படித்த ஒரு தாய் இதனைச் சிறப்பாகச் செய்ய முடியும். ஆனால், நேரந்தவறாமை இங்கே கட்டாயம். மூன்று முறை பூட்டிய கதவைக் கண்ட பிள்ளை நான்காம் முறை வாராது.

உடல் வலிமை வேண்டும் தொண்டு: 1952ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுப் பொதுத் தற்காப்புத் துறையாக இருந்து, 2016 முதல் மலேசியப் பொதுத் தற்காப்புப் படை என வழங்கும் அமைப்பும், 1972இல் தோன்றிய ரேலாவும் தொண்டர்களைச் சேர்த்துப் பயிற்சியளிக்கின்றன. வெள்ள மீட்பு, பாம்பு பிடித்தல், குளவிக்கூடு அகற்றல் ஆகியவற்றைப் பொதுத் தற்காப்புப் படை செய்து வருகிறது. தோட்டத்து இளைஞருக்கு இவை பொருத்தமானவையே. எனினும், சீருடையின் மீதுள்ள ஆசையால் மட்டும் சேருதல் போதாது. இன்னொருவர் கட்டளைக்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படியும் இயல்பு இருத்தல் வேண்டும். 2014 டிசம்பரில் கிளந்தானிலும் 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் பெருவெள்ளம் வந்தபோது, படகு செலுத்தியோர் மட்டுமின்றிச் சோறு பொங்கியோரும், சேறு வாரியோரும், துணிமணி பகிர்ந்தளித்தோரும் தேவைப்பட்டனர் என்பதையும் நினைவிற் கொள்வோம்.

நேரமே இல்லாதவர்க்கு: எந்தக் குழுவிலும் அமர இயலாதவர் இரத்ததானம் செய்யலாம். 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உடையவர், முதல்நாள் இரவு ஐந்து மணி நேரமாவது உறங்கியிருந்தால், மருத்துவப் பணியாளரின் சோதனைக்குப் பின் இரத்தம் கொடுக்கலாம். மீண்டும் கொடுப்பதற்குக் குறைந்தது எட்டு வாரம் இடைவெளி வேண்டும். விடியலில் எழுந்து வெயிலில் உழைக்கும் நாம் வேலை முடிந்த களைப்போடு நேரே செல்லாமல், ஓய்வு நாளில், நன்றாக உண்டு, நீர் அருந்திச் செல்வது நலம்.

பெயர் வேண்டாத தொண்டுகள்

பதவிப் பெயருள்ள பொறுப்புகளை மட்டும் தொண்டென எண்ணும் பழக்கம் நம்மிடையே உண்டு. தலைவர் என்னும் சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சி, படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு வாரந்தோறும் மருந்து வாங்கி வந்து தருபவருக்கு இல்லை. துக்க வீட்டில் மூன்று நாளும் ஓசையின்றிப் பாத்திரம் கழுவுபவரின் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. மேடைக் கூச்சமுடையவர்கள், அதிகம் படியாதவர்கள், வயது முதிர்ந்தவர்கள் ஆகியோருக்கு இத்தகைய தொண்டே பொருந்தும். மேலும், பிறர் தம்மைப் பாராட்ட வேண்டும் என்னும் ஆவல் இயல்பிலேயே உடையவர் அதனை நினைத்து வெட்கப்பட வேண்டா. அத்தகையவர் விளையாட்டுப் போட்டி, கலைநிகழ்ச்சி போன்ற, பலரும் காணும் பணியைத் தேர்ந்தால் உற்சாகம் குன்றாது உழைப்பர். தம் இயல்பை மறைத்துக்கொண்டு ஏற்கும் பொறுப்புத்தான் விரைவில் கசக்கும்.

ஏற்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கூட்டத்தில் ஒருவர் நம் பெயரை முன்மொழியும்போது, முகத்தாட்சணியத்தால் தலையசைத்துவிடுவது வழக்கம். அதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்போம்.

1. இதற்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்? எந்த நாளில், எந்த வேளையில்?

2. முன்பு இப்பொறுப்பை வகித்தவர் ஏன் விலகினார்? அவரோடு ஒருமுறை பேச முடியுமா?

3. இதற்கு வேண்டிய பயிற்சியை யார் தருவார்? பயணச் செலவையும் தொலைபேசிச் செலவையும் யார் ஏற்பார்?

4. நமக்கு உடல்நலம் குன்றினால் அந்த வாரம் யார் பார்த்துக்கொள்வார்?

5. வீட்டில் உள்ளோர் இதற்கு மனமார இசைகின்றனரா?

இவற்றுள் இறுதிக் கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை. கணவர் தொண்டுக்குச் செல்லும் மாலைகளில் வீட்டுச்சுமை முழுதும் மனைவியின் மேல் விழுமாயின், அத்தொண்டைச் செய்பவர் உண்மையில் மனைவியே. அவரைக் கேளாமல் முடிவெடுப்பது முறையன்று.

விடைகள் மனநிறைவு தராவிடில் மறுப்பதில் குற்றமில்லை. 'பொருளாளர் வேலை எனக்குச் சரிப்படாது அண்ணே. ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் துப்புரவு செய்து தருகிறேன்' என்று கூறுபவர், வாய்மூடித் தலையசைத்துவிட்டுப் பின்னர் மறைபவரைக் காட்டிலும் சங்கத்திற்கு மிகவும் நன்மை செய்கிறார்.

மூன்று மாதம் துணைநின்று பார்ப்போம்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. புதிய பால்வெட்டாளி எவரிடமும் முதல் நாளே முழு நிரையை ஒப்படைப்பதில்லை. அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் நின்று, பட்டையின் ஆழத்தைக் கை அறியும்வரை பழகுகிறார். அளவுக்கு மீறி ஆழ வெட்டினால் மரத்தின் வளர்திசு புண்பட்டு, மீண்டும் வளரும் பட்டையும் கரடுமுரடாகும் என்பதை நாம் அறிவோம். தொண்டிற்கும் இதே முறை நன்று. செயலாளர் ஆக விரும்புபவர் மூன்று மாதம் துணைச் செயலாளராக இருந்து கடிதங்களை எழுதிப் பார்க்கலாம். முதலுதவிக்கு வர எண்ணுபவர் தோட்ட விளையாட்டு விழாவில் பயிற்சி பெற்றவருக்கு உதவியாளராக நிற்கலாம். மூன்று மாதம் முடிந்தபின் தொடர்வதா, வேறு பொறுப்புக்கு மாறுவதா என்று இரு தரப்பினரும் மனம்விட்டுப் பேச வேண்டும்.

பிறகும் விலக நேர்ந்தால் முறையாக விலகுவோம். சாவிகள், புத்தகங்கள், பற்றுச்சீட்டுகள், கைப்பணம் யாவற்றையும் இருவர் முன்னிலையில் ஒப்படைத்து, அதனை எழுதிக் கையொப்பமிட்டு வைப்பது இரு சாரார்க்கும் பாதுகாப்பு. அடுத்தவருக்கு ஒரு மாதம் வழிகாட்டினால் அத்தொண்டு நம்மோடு முடிந்துபோகாது.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு சொல்

தொண்டர்கள் நிலைத்து நிற்காமைக்குத் தொண்டர்களை மட்டும் குறைகூறுவது பொருந்தாது. ஓடியாடி உழைப்பவர் ஒருவர் கிடைத்துவிட்டால் எல்லா வேலையையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். பெரிய பொறுப்பொன்றைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்போம். ஒருவர் பணம் வாங்கட்டும். மற்றொருவர் வங்கியில் கட்டட்டும். இன்னொருவர் கணக்கு எழுதட்டும். வேலை இலேசாவதோடு, ஒருவர்மேல் வீண்பழி விழவும் வழியில்லாது போகும். கூட்டங்களை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடித்தால், அதிகாலையில் எழ வேண்டியவரும் சமைக்க வேண்டியவரும் கலந்துகொள்வர்.

தோட்டத் தோழர்களே! நம் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு மண்டபமோ, எழுதப்படாத ஒரு கணக்கோ, பதிவு செய்யப்படாத ஒரு குழந்தையின் பிறப்போ இருக்கக்கூடும். அதற்கு ஏற்ற நேரமும் இயல்பும் உள்ள ஒருவர் நம்மிடையே கட்டாயம் இருப்பார். அவர் தாமாகவும் இருக்கலாம். பக்கத்து வீட்டில் ஒதுங்கி வாழும் அக்காவாகவும் இருக்கலாம். அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன் அவரவர் தமக்கு இயன்ற நேரத்தையும், தம்மால் நன்கு செய்யக்கூடிய ஒரு பணியையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்வோம். இயன்றதை ஏற்று, ஏற்றதை இறுதிவரை காப்போம்.